பின் போடாத கை

பேய், பிசாசு எதையும் நம்பாதவள் நான். தாராவியில் எங்கள் சால் குடியிருப்பில் யாருக்காவது சாமி வந்தால்கூட முதலில் சிரிப்பது நான்தான். ஆறாவதோடு படிப்பு நின்றுவிட்டது, ஆனால் கண்ணால் பார்த்ததை மாற்றிச் சொல்லத் தெரியாது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

என் அண்ணன் முருகேசன் செம்பூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே மிஷினைக் கட்டில் கட்டிலாகத் தள்ளிக்கொண்டு போகிற வேலை பார்த்தான். அந்த மிஷினுக்கு நீளமாக ஒரு கை, கையின் நுனியில் பயங்கரக் கனமாக ஒரு தலை. அந்தக் கனத்தைத் தாங்க கைக்குள்ளே ஸ்பிரிங் உண்டு. தலையைக் கழற்றும் முன்னால் கையை உயர்த்தி, அசையாமல் இருக்க இரும்புப் பின் போட வேண்டும். போடாவிட்டால், கனம் போனதும் கை படாரென்று மேலே பாயும். தலையை ரிப்பேருக்குக் கழற்றிய ஒருநாள் அப்படித்தான் பாய்ந்தது. அண்ணனின் தாடையில் அடித்துக் கழுத்தை முறித்துவிட்டது.

"நான் பின் போட்டேன், அந்தப் பயதான் பிடுங்கிட்டான்" என்றார் மெக்கானிக் துரை அண்ணாச்சி. அவரும் எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான். ஆஸ்பத்திரியும் அதையே சொல்லிவிட்டது. தன் புத்தியால் செத்தான் என்று எல்லாரும் பேச, அம்மா வெளியே தண்ணீர் பிடிக்கப் போவதைக்கூட நிறுத்திவிட்டாள். அண்ணன் வேலையை எனக்குக் கொடுத்தார்கள், வாயை மூடத்தான்.

மழைக்காலம், மத்தியான நேரம், மறுபடி தலை ரிப்பேர். அதே துரை அண்ணாச்சி. உயரத்திலிருந்து தலையை இறக்கச் சோம்பல்பட்டுக் கையைத் தாழ்த்தி வைத்துக் குத்தவைத்து உட்கார்ந்தார். என்னைத் தலையைப் பிடிக்கச் சொன்னார்.

"அண்ணாச்சி, பின்னு?"

"எல்லாம் போட்டாச்சு. ஏட்டி, நீ என்ன இஞ்சினியரா? ஒங்கண்ணன மாரி எதையாவது பிடுங்கித் தொலையாத."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, ஆனாலும் குனிந்து பிடித்தேன்.

கடைசி ஸ்க்ரூ கழன்றபோது யாரோ இரண்டு கையாலும் என் நெஞ்சில் அறைந்து தள்ளினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அறையில் வேறு ஆள் கிடையாது. சுவரில் போய் மோதினேன், பின்மண்டை கிழிந்தது. மிஷின் தலை தரையில் விழுந்து டைல்ஸ் நொறுங்கியது. கை மட்டும் மேலே பாயவில்லை. கையைத் தாங்கும் தூண், பிரேக் போட்டிருந்தும் கிறீச்சென்று திரும்பி, கையை அண்ணாச்சி முகத்துக்கு நேர் கீழே கொண்டுவந்து நிறுத்தியது. அப்புறம்தான் அடித்தது.

தாடை பிளந்து பற்கள் என் மடியில் வந்து விழுந்தன. ரத்தம் கூரைவரை தெறித்தது. மல்லாந்து கிடந்தவர் எனக்குப் பக்கத்தில் வெறும் இடத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பிளந்த வாய் குழறினாலும் சொன்னது புரிந்தது.

"நாந்தாம்ல பின் போடல... அன்னைக்கும் போடல... விட்ருல முருகேசா..."

வாசலுக்கு ஓடிவந்த நர்சும் டாக்டரும் அதைக் கேட்டார்கள். அன்று சாயங்காலம் அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். போய் எல்லாரிடமும் சொன்னாள்.

துரை அண்ணாச்சி பிழைத்துக்கொண்டார், இப்போது கஞ்சியைக் குழாயில்தான் உறிஞ்சுகிறார். அது ஸ்பிரிங் கோளாறு என்று டாக்டர் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் நான் பார்த்தேன், அண்ணாச்சி முகத்துக்குக் கீழே வந்த பிறகும் அந்தக் கை உடனே அடிக்கவில்லை. அவர் உடைந்து கிடந்த மிஷின் தலையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து தன்னைப் பார்க்கிற வரைக்கும் அது காத்திருந்தது.

உயிரோடு இருந்தவரை என் அண்ணன் ஒருத்தரையும் கை நீட்டி அடித்தவன் இல்லை.