ஏழாம் நம்பர் ட்ரே

இப்போதும் மேடவாக்கம் பக்கம் பஸ்ஸில் போகும்போது அடுக்குமாடி வாசலில் பச்சைப் புல்தரையைப் பார்த்துவிட்டால், நாளைக்கு இதற்குத் தண்ணீர் வருமோ வராதோ என்று யார் வீட்டுப் புல்லுக்கோ கவலைப்படுவேன்.

அப்பா முடிச்சூரில் ஒரு நர்சரியில் வேலை செய்தார். அங்கேயே தகரக் கொட்டகையில் குடியிருந்தோம். லான் போடுகிற புல்லெல்லாம் கோடையில் கருகிப்போகிறதே, தண்ணீர் இல்லாமலும் தாக்குப்பிடிக்கிற புதுப் புல்லை உண்டாக்கிக் காட்டுகிறேன் என்று முதலாளியிடம் சொல்லியிருந்தார். பள்ளிக்கரணை ஓரம், கீழ்க்கட்டளை ரோட்டோரம் என்று அலைந்து அருகம்புல் கொண்டுவந்தார். ஒன்றின் பூவை இன்னொன்றோடு சேர்த்து விதை எடுத்து, பன்னிரண்டு ட்ரேக்களில் வளர்த்தார். பிறகு, ஒரு மாதத்துக்கு எதற்கும் தண்ணீர் கிடையாது என்றுவிட்டார்.

முதலாளி வந்து பார்த்துச் சிரித்தார். “இன்னாப்பா, புல்லை வளக்கிறியா, கொல்றியா?”

“எது தாங்குதுன்னு பாக்கத்தான் சார்.”

“இதுவும் புட்டுக்கிச்சுன்னா வேற வூடு பாத்துக்கோ.”

அப்பா சொன்னது என் காதில் ஏறவில்லை. வேற வூடு என்பது மட்டும் ஏறியது. எனக்கு ஒன்பது வயது, அப்போதே பயந்தாங்கொள்ளி. தினமும் பள்ளிவிட்டு வந்ததும் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை யாருக்கும் தெரியாமல் ஊற்றினேன். அது ஒரு ட்ரேவுக்குத்தான் போதும். அதனால் இருப்பதிலேயே சாகக் கிடந்த ஏழாம் நம்பராகப் பார்த்து ஊற்றினேன்.

மாதக் கடைசியில் பதினொன்று பழுப்பு, ஏழு மட்டும் பச்சை. அப்பா அதைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினார். “ராஜா மாரி நிக்குது பாரு!” அம்மா அந்தப் புல்லுக்குத் திருஷ்டி சுற்றினாள்.

“பாப்பா, மத்ததெல்லாம் மதிலுக்கு அந்தாண்ட கொட்டிடு” என்றார் அப்பா என்னிடம்.

நான்தான் கொட்டினேன், சந்தோஷமாக.

முதலாளி ஏழாம் நம்பரைப் பெருக்கி ஒரு பெரிய குடியிருப்பு முழுக்கப் பதித்தார். அடுத்த கோடையில் அங்கே இரண்டு வாரம் லாரித் தண்ணீர் வரவில்லை. அவ்வளவும் வைக்கோல். “என் பேரையே கெடுத்துட்டியேய்யா” என்று குடியிருப்புக்காரர்கள் முன்னால் முதலாளி கத்தினார். அப்பா செத்த புல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “மாசம் பூரா தாங்குச்சே சார்…” நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

கொட்டகையைக் காலி செய்தோம். என் படிப்பும் அதோடு நின்றது. மூட்டையோடு கிளம்பியபோது, மதிலுக்கு அப்பால் நான் கொட்டிய இடத்தில், அந்த வெயிலிலும் யாரும் தண்ணீர் காட்டாத புல் திட்டுத்திட்டாகப் பச்சைபிடித்துக் கிடந்தது. ஒரு மாடு மேய்ந்துகொண்டிருந்தது. அதற்காவது நல்ல தீனி கிடைத்ததே என்று நினைத்தேன். முன்னால் தலைகுனிந்து போய்க்கொண்டிருந்த அப்பாவைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.