இறால் தொட்டியில் ஒரு கை

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மேல்மாடியில் இருந்தவர், தடித்த கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். விறாந்தையில் கண்ணாடித் தொட்டி வைத்து, நகமளவு சிவப்பு இறால்களை வளர்த்தார். சமைக்க அல்ல, பார்க்க. கொசுவுக்கு அடிக்கிற நுளம்பு மருந்து துளி பட்டாலும் அவை செத்துவிடுமாம். அதனால் வருகிற எவரையும் வாசலிலேயே முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார்.

ஒருநாள் ஆமிக்காரர்கள் வீடுவீடாகச் சோதனைக்கு வந்தார்கள். அவருக்குச் சிங்களம் வராது என்பதால் நான் துணைக்குப் போயிருந்தேன். தொட்டி மணலுக்குள் ஏதும் புதைத்திருக்கிறாரா என்று துழாவிப் பார்க்க ஒரு சிப்பாய் சட்டைக் கையை மடித்தான். இவர் அந்தக் கையைப் பிடித்து முகர்ந்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

“தம்பி, இவர்ட கையில நுளம்புக் கிறீம். கழுவிப்போட்டு வரச் சொல்லுங்கோ. சோப் போட வேண்டாமெண்டும் சொல்லுங்கோ.”

சிங்களத்தில் சொன்னேன். சிப்பாய் தன் கையைத் தானே ஒருமுறை முகர்ந்தான். பிறகு குழாயடிக்குப் போய்க் கழுவிவிட்டு வந்தான். தொட்டியில் ஒன்றுமில்லை என்றானதும், அந்த ஈரக் கையாலேயே என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான்.

அதற்கு முந்தின மாதம் இதே மனிதரை விசாரணைக்கென்று ஜீப்பில் ஏற்றினார்கள். கட்டியிருந்த சாரத்தோடேயே ஏறிப் போனார். ஏன் என்று ஒரு சொல் கேட்கவில்லை.