செய்கை காட்டாத சவர்க்காரம்

உருத்திரபுரத்தில் அருந்ததி ரீச்சரிடம் கணிதம் படித்த எல்லோருக்கும் ஒரே மனக்குறைதான். விடை சரியாக இருக்கும், புள்ளி இருக்காது. விடைக்கு வந்த வழியைப் படிப்படியாகக் காட்டாவிட்டால், 'செய்கை எங்கே?' என்று சிவப்புப் பேனையால் எழுதிப் பூச்சியம் போட்டுவிடுவார். இடம்பெயர்ந்து மரத்தடியில் படிப்பித்த காலத்தில்கூட, கொப்பி இல்லாத பிள்ளைகளை மணலில் விரலால் செய்கை எழுத வைத்தவர். மூளை என்றால் வியர்க்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. வியர்க்காமல் வந்த விடை பக்கத்துப் பிள்ளையுடையதாக இருக்கும், இல்லாவிட்டால் குருட்டு அதிர்ஷ்டம்.

ஓய்வுபெறும் வயது நெருங்கியபோது ஊரார் அவரைப் பிடித்துக் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவியாக்கினார்கள். அந்த வருடம் ஒரு தொண்டு நிறுவனம் ஊருக்குத் தண்ணீர்க் குழாய்கள் கொடுத்தது. முன்பள்ளியில் இருக்கும் தண்ணீர்த் தாங்கியிலிருந்து கோயிலுக்கும் வாசிகசாலைக்கும் சுகாதார நிலையத்துக்கும் தண்ணீர் போக வேண்டும். நான்கு இடங்களும் ஏறக்குறைய ஒரு சதுரத்தின் நான்கு மூலைகள், ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் நீளம். வீதியோரமாகச் சுற்றிப் போனால் கொடுத்த குழாய் போதாது. ரீச்சர் அடிமட்டத்தோடு குந்தியிருந்து, மூலைக்கு மூலை இரண்டு குறுக்குக் கோடு இழுத்தார். நீளம் குறைந்தது. அப்போதும் குழாய் சொற்பம் போதவில்லை.

"இதுக்கு மேல ஒருத்தராலயும் குறைக்க ஏலாது" என்று ஆசிரியர் அறையில் படத்தை விரித்தார்.

விஞ்ஞானம் படிப்பிக்கும் நவ்பர் எட்டிப் பார்த்தார். முல்லைத்தீவுக்காரர். புத்தளத்தில் வளர்ந்து, குடும்பத்தோடு ஊர் திரும்பியவர். எதையும் சிரிக்காமல் சொல்வது அவர் பழக்கம்.

"ஒருக்காச் சவர்க்காரத்தையும் கேட்டுப் பாப்பம் ரீச்சர்."

பழைய சீடி உறைகளின் கண்ணாடி போன்ற மூடிகள் இரண்டை எடுத்து, படத்தில் இருந்த நான்கு இடங்களிலும் துளை போட்டு, இடைவெளி விட்டு ஆணிகளால் பொருத்தினார். பாத்திரம் கழுவும் திரவம் கரைத்த வாளிக்குள் அதை அமிழ்த்தித் தூக்கினார். ஆணிகளுக்கிடையே மெல்லிய படலம் ஒன்று நடுங்கி, நழுவி, நின்றது. நடுவில் ஒரு நேர்கோடு. அதன் இரு நுனிகளும் கவட்டைபோலப் பிரிந்து இரண்டிரண்டு ஆணிகளைத் தொட்டிருந்தன.

நூல் பிடித்து அளந்தார்கள். ரீச்சரின் கோடுகளைவிடக் குறைவு. கையிலிருந்த குழாய் தாராளமாகப் போதும்.

"இது எப்பிடிக் கண்டுபிடிச்சது?" என்றார் ரீச்சர்.

"ஒண்டும் கண்டுபிடிக்கேல்ல. படலம் எப்பவும் சுருங்கத்தான் பாக்கும். சுருங்கிச் சுருங்கி, இனி ஏலாது எண்ட இடத்தில நிண்டிட்டுது."

"அப்ப அதுக்கு மூளை இல்லை."

"விடை இருக்கே."

"விடை மட்டும் இருந்தாக் காணாது, சேர்."

சனிக்கிழமை ரீச்சர் அந்தச் சீடி மூடிகளை வீட்டுக்குக் கொண்டுபோய், கோணங்களை அளந்து இரண்டு பக்கத்துக்குச் செய்கை எழுதினார். சவர்க்காரம் சொன்னது சரி. கண்மூடித் திறப்பதற்குள் அது செய்ததற்குத் தனக்கு இரண்டு பக்கம் தேவைப்பட்டது அவருக்குப் பிடிக்கவில்லை. எரிச்சலோடு மறுபடியும் வாளிக்குள் அமிழ்த்தினார். இம்முறை நடுக்கோடு மற்றப் பக்கமாகத் திரும்பி நின்றது. அளந்தார். நீளம் கூடியிருந்தது. பல வருடங்களாக அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில், எல்லோரும் பார்க்க அமிழ்த்திக் காட்டினார். முதல் தரம் சரியான விடை வந்து அவரைக் கவிழ்க்கப் பார்த்தது. இரண்டாம் தரம் பிழை வந்தது.

"பாருங்கோ, உங்கட மேதை பிழை விட்டிட்டுது."

நவ்பர் குனிந்து பார்த்தார். "ஓம். இதைவிட நல்ல வழி இருக்கெண்டு அதுக்குத் தெரியாது. கிடைச்சதே திறமெண்டு பிடிவாதமா நிக்குது." கொஞ்சம் யோசித்தார். "இப்பதான் ரீச்சர், அதுக்கும் மூளை இருக்குமோ எண்டு எனக்கே சந்தேகம் வருது."

அறை சிரித்தது. தன்னுடைய குறுக்குக் கோடுகள் நினைவுக்கு வந்ததால் ரீச்சர் சற்றுப் பிந்தித்தான் சிரித்தார்.

சவர்க்காரத்தின் முதல் விடையையே சங்கம் ஏற்றது. ஆனால் தாங்கிக்குக் கிட்டக் குழாய் பிரியும் கவட்டை, மாடு வளர்க்கும் தவராசாவின் வளவுக்குள், மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் விழுந்தது.

"ஆர் இதாலை கீறினது?" என்று கேட்டார் தவராசா. குழாய் தாழ்க்கக் கிடங்கு வெட்டப் போனவர்கள் உள்ளதைச் சொன்னார்கள்.

"அப்ப சவர்க்காரத்தையே வந்து கதைக்கச் சொல்லுங்கோ."

சவர்க்காரத்துக்காக ரீச்சர்தான் போனார். இரண்டு பக்கச் செய்கையையும் தவராசாவின் முற்றத்தில் வைத்து விளங்கப்படுத்தினார். அவர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே கேட்டார்.

"அப்ப தாங்கியில இருந்து வாற தண்ணி முழுக்க இந்த இடத்தாலதான் போகுமோ, ரீச்சர்?"

"ஓம் அண்ணை."

"அப்ப இதிலயும் திறந்து தண்ணி பிடிக்க ஒரு பைப் போட்டுத் தாங்கோ. சம்மதம்."

தண்ணீர் வந்தது. கோயிலில் மெலிந்து ஓடியது, வாசிகசாலையில் சொட்டியது, தவராசாவின் வளவில் சீறிப் பாய்ந்தது. ஊர்ச் சனம் குடங்களோடு அங்கேதான் போனது. வாசிகசாலைக்கு அருகில் குடியிருந்த ரீச்சரும் ஒரு பின்னேரம் வாளியோடு போய் வரிசையில் நின்றார்.

"தவராசா அண்ணையின்ர மூளையைப் பாத்தியளே" என்றாள் முன்னால் நின்ற ஒருத்தி.

அவர் என்ன செய்தார், இருந்த இடத்தில் இருந்தார், அவ்வளவுதானே என்று சொல்ல ரீச்சருக்கு வாய் உன்னியது. தவராசா கொட்டிலடியில் கதிரை போட்டு உட்கார்ந்து, யாருடைய வாளி அடுத்தது என்று கையால் காட்டிக்கொண்டிருந்தார்.

"ரீச்சரை முன்னுக்கு விடுங்கோ" என்றார்.

ரீச்சர் முன்னால் போனார்.