மறுபடி தேய்த்த சொம்பு

காலை ஷிஃப்ட் பஸ் வரக் கால் மணி நேரம் இருந்தது. மகள் கழுவி வைத்த டிபன் பாக்ஸை எடுத்து மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தேன். கம்பி நாரின் அந்தக் கரகர சத்தம் என்னை உலுக்கியது.

அது எங்கம்மாவின் சத்தம். தொண்ணூற்றொன்றில், சுங்குவார்சத்திரத்து வீட்டில், புளியும் சாம்பலும் போட்டு நான் விளக்கிய பித்தளைச் சொம்பை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "இன்னாடி வெளக்கிக்கீற? பிசுக்கு அப்டியே கீது" என்று மறுபடி தேய்ப்பாள். விரல் நுனி எரிய எரிய அழுத்தித் தேய்த்தும் நான் ஒருநாளும் தேறியதில்லை.

ஒருநாள் வீம்புக்கு, அவளே விளக்கிக் கவிழ்த்திருந்த சொம்பை என் பாத்திரங்களோடு வைத்தேன். என்னைத் திட்டிக்கொண்டே அதையும் தேய்த்தாள். குறை சொம்பில் இல்லை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. தெரிந்தும் இத்தனை வருஷமாக, கம்பெனியில் லைனில் வரும் ஒவ்வொரு பீஸையும் மூன்று தடவை செக் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

"நான் கழுவுனது சரியில்லியாம்மா?" மகள் கதவோரம் நின்றிருந்தாள்.

நாரைக் கீழே போட்டேன். மூடியில் லேசாக மஞ்சள் கறை. இருந்துவிட்டுப் போகட்டும்.

"நல்லாத்தான்டி கீது" என்று அதிலேயே சோற்றைப் போட்டு மூடினேன்.

அன்றைக்கு லைனில் ஒவ்வொரு பீஸையும் ஒரே தடவைதான் பார்த்தேன்.