பத்மா அக்கா வீட்டு நல்ல தண்ணீர்

பத்மா அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, நான் காலி சிரப் பாட்டில்களுக்கு நீலப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். மருந்துக்கடைக்காரிக்குப் பாட்டிலுக்கா பஞ்சம்? அவற்றில் மணி பிளான்ட் வைத்து மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தவரே அக்காதான். “காபி குடிச்சிட்டு உக்காந்தவங்க எழுந்திரிக்கவே இல்லக்கா,” என்று செல்வி போனில் அழுதாள். பெயிண்ட் கையோடு ஓடினேன்.

மரக்காணம் மாடித்தோட்டக் குழுவில் இருக்கும் உங்களுக்கு அக்காவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உப்பளத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு தோட்டம் போடுகிறோம் என்றால் கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். நம் எல்லோர் வீட்டு போர் தண்ணீரும் உப்பு. அக்கா வீட்டுக் கிணறு ஒன்றுதான் நல்ல தண்ணீர். அதனால் கூட்டம் எப்போதும் அங்கேயே நடந்தது. முடிந்ததும் நாற்றுகளுக்கு ஊற்ற ஆளுக்கொரு கேன் பிடித்துக்கொண்டு கிளம்புவோம்.

அக்கா வெறும் செடியோடு விடமாட்டார். தொட்டிகளுக்குக் கோலம் போடு, பூவை அழுத்திக் காயவைத்து வாழ்த்து அட்டை செய், சிப்பியில் தோரணம் கட்டு என்று ஒவ்வொரு வாரமும் ஏதாவது வேலை வைப்பார். “செடி வளக்கத்தானே வந்தோம், இதெல்லாம் எதுக்குக்கா?” என்று நான் ஒருநாள் சலித்துக்கொண்டேன். “செடி அதுபாட்டுக்கு வளரும். நாலு பேரு சேந்து உக்கார ஒரு சாக்கு வேணாமா?” என்றார்.

மீன்பெட்டி விவகாரம் உங்களுக்கு நினைவிருக்கும். ஐஸ் போட்டு மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டிகளில் கீரை விதைப்பதற்கு முன், அவற்றுக்கு வண்ணம் அடிக்க நினைத்தோம். செல்வி, தன் வீட்டுக்காரர் படகுக்கு அடித்து மிச்சம் வைத்த பெயிண்டைக் கொண்டுவந்தாள். அடித்த இடமெல்லாம் பெட்டி கரைந்து ஓட்டை விழுந்தது. செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. “அழாதடி, தண்ணி வடிய எப்படியும் ஓட்ட போடணும். நீ கொஞ்சம் தாராளமா போட்டுட்ட,” என்றார் அக்கா. அன்று சிரித்துச் சிரித்து எனக்கு வயிறே வலித்தது.

போன வருஷம் அவர் கிணற்றின் மேல் வலை கட்டினார். கேட்டதற்கு, “கொழந்தைங்க விழுந்துடும்,” என்றார். அக்கா தனியாக வாழ்ந்த அந்த வீட்டுக்கு எந்தக் குழந்தை வரப்போகிறது? வயசானால் பயம் வரும் என்று விட்டுவிட்டோம். நாம் கேன் பிடிக்கும் வாசல் குழாயில் வழக்கம்போலத் தண்ணீர் வந்தது.

அக்கா போன அந்தச் சனிக்கிழமை, உடலைக் குளிப்பாட்டுவதற்காக, புதுச்சேரியிலிருந்து வந்திருந்த அக்காவின் தம்பி மனைவி வலையை அவிழ்த்து வாளியை இறக்கினாள். வாய் கொப்பளித்தவள் அப்படியே துப்பினாள். “ஐயே, ஒரே உப்பு!”

நானும் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். கடல் தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. “அப்ப நாம இத்தன நாளா புடிச்சிட்டுப் போனது என்னாக்கா?” என்றாள் செல்வி.

அந்த நேரத்தில்தான் தண்ணீர் லாரி தெருவுக்குள் வந்தது. பந்தலைப் பார்த்ததும் டிரைவர் இறங்கி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். “சனிக்கெழம சனிக்கெழம வந்து மாடித் தண்ணித் தொட்டிய ரொப்பிட்டுப் போவேங்க. நாளைக்கு ஆளுங்க வருவாங்க, அவங்களுக்குத் தெரிய வேணாம்னுவாங்க. கெணறு உப்பாயிடுச்சுன்னு சொல்லிடுங்களேம்மான்னு நானே கேட்டேன். தண்ணி இல்லன்னா யாருப்பா வருவான்னாங்க.”

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. நம்மைப் பற்றி இவ்வளவுதானா அக்கா நினைத்திருந்தார்? இல்லவே இல்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும்போல் இருந்தது. ஆனால் கேன் இல்லாமல் நம்மில் யாராவது ஒருநாளாவது அந்த வீட்டுப் படி ஏறியிருக்கிறோமா என்று யோசித்தால், எனக்கு ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. அன்றிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை.

அக்காவுடையது என்று நான் எடுத்து வந்தது ஓட்டை விழுந்த அந்த மீன்பெட்டியை மட்டும்தான். என் மாடியில் வைத்திருக்கிறேன். டிரைவரிடம் அவர் கேட்ட கேள்வியும் என்னோடே வந்துவிட்டது. அதை நான் ஒருத்தியாக வைத்துக்கொள்ள முடியாது.

வரும் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் உட்காருவோம். பாட்டில்களுக்கு இன்னும் ஒரு கை பெயிண்ட் அடிக்க வேண்டியிருக்கிறது. என் வீட்டுத் தண்ணீர் உப்பு, உங்களுக்கே தெரியும். கேனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.