பக்கத்து இருக்கையின் பிரேக்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். யார் தலையிலும் அடித்துச் சத்தியம் செய்ய எனக்கு நேரமில்லை. ஆனால் இது நடந்தது. எனக்கே நடந்தது. நட்டநடு ராத்திரியில் இல்லை, தெருவில் ஆள் நடமாட்டம் இருந்த ஒரு சாயங்காலத்தில். நான் பயந்த சுபாவமும் இல்லை. வீடு வீடாகப் போய் ஊசி குத்தி, ரத்தம் எடுத்துப் பரிசோதனைக் கூடத்தில் கொடுப்பது என் வேலை. ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழும் பெரிய மீசைக்காரர்களை எத்தனையோ முறை தாங்கிப் பிடித்திருக்கிறேன்.

சொந்த வண்டி இருந்தால்தான் அந்த வேலை. அதற்காகவே ஒரு பழைய கார் வாங்கினேன். முன்பு அது டிரைவிங் ஸ்கூலில் ஓடிய வண்டி. சொல்லிக்கொடுப்பவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பார், அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, அந்த மாதிரி. விற்பதற்கு முன் அந்தப் பிரேக்கை எடுத்துவிட்டார்கள். என்ஜினில் ஒரு குறையும் இல்லை. பெட்ரோலை மட்டும் தண்ணீர் மாதிரி குடித்தது.

“பிரேக்குல கால வச்சுக்கிட்டே ஓட்டுற. அதான் குடிக்குது,” என்றார் என் வீட்டுக்காரர்.

“வைக்கலைங்க.”

“பின்ன பெட்ரோல் எங்க போகுது? இந்த மாசம் பார்ப்பேன். சரியாகலேன்னா வண்டிய வித்துடலாம். உனக்கெல்லாம் இது சரிப்பட்டு வராது.”

வண்டி போனால் வேலை போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். டயரில் காற்று சரியாக இருந்தது. ஏர் ஃபில்டரை மாற்றினார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், கரி பிடிக்கவில்லை. பெட்ரோல் எங்கும் கசியவில்லை. வண்டியை ஜாக்கியில் தூக்கி நான்கு சக்கரங்களையும் கையால் சுற்றினார், தடையில்லாமல் சுற்றின. பிறகு டேங்க்கை நிரப்பி ஒரு நாள் அவரே ஓட்டினார். லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் வந்தது. மறுநாள் அதே வழியில் நான் ஓட்டினேன். பதினொன்று. நான் இறங்கியதும் முன்சக்கரத்துப் பிரேக்கின் மேல் அவர் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். சுர்ர்ர்... என்று ஆவி பறந்தது.

“தங்கச்சி, சொன்னா கோவிச்சுக்காதீங்க. கால் பிரேக் மேலயே இருக்கு.”

“என் கால் இல்லண்ணே.”

அவர் பக்கத்து இருக்கையின் காலடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“இது ஒண்ணுதான் புரியல. இந்தப் பெடல எடுக்கணும்னா ரெண்டு போல்ட்டக் கழட்டினா போதும். ரம்பம் போட்டு அறுத்திருக்காங்க.”

போல்ட்டுகள் இருந்த இடத்தில் அப்படியே இருந்தன. அறுபட்ட இரும்பு விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அதை என் பிரேக்கோடு சேர்க்கும் கம்பியும் இன்னும் இருந்தது. எதற்கு வம்பு என்று எல்லாவற்றையும் கழற்றிப் போட்டார்.

மறுநாள் நான் ஓட்டியபோதும் பிரேக் சுட்டது.

அன்று வேலை முடிந்து ஒரு முடிவோடுதான் வண்டியில் ஏறினேன். செருப்பைக் கழற்றிப் பின்னால் எறிந்தேன். வெறுங்கால். என் கால் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். மணி ஆறு பத்து. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு வெள்ளை வேன் வந்தது.

கண்ணாடியில் பார்த்தேன். வேனின் முகப்பு சிவப்பாக இருந்தது. என் பிரேக் விளக்கின் வெளிச்சம்.

என் கால் ஆக்சிலரேட்டரில் இருந்தது.

பக்கத்துத் தெருவுக்குள் திருப்பினேன். லேசான இறக்கம், முன்னால் யாரும் இல்லை. நியூட்ரலில் போட்டேன். ஒரு கை ஹேண்ட்பிரேக்கில். இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையின் மேல் மடித்துக்கொண்டேன்.

வண்டி உருண்டது.

கிர்ர்ர்...

குனிந்து பார்த்தேன். என் பிரேக் பெடல் தானாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக... இன்னும் கொஞ்சம்...

வண்டி நின்றது. இறக்கத்தில்.

பக்கத்து இருக்கையில் யாருமில்லை.

கீழே, காலையில் நான் உதறிப் போட்ட கால் விரிப்பு. அதில் ஒரு குதிகால் அளவுக்குக் குழி.

அது இன்னும் அழுந்திக்கொண்டிருந்தது...

ஷூ பாலிஷ் வாசனை.

பயந்தேன். 

கூடவே கோபமும் வந்தது. வீட்டில் ஒருவர், பட்டறையில் ஒருவர், போதாததற்கு இப்போது இவர் வேறு.

“கால எடுங்க,” என்றேன்.

பெடல் அசையவில்லை.

“எனக்கு ஓட்டத் தெரியும். கால எடுங்க சார்.”

டக்.

பெடல் மேலே வந்தது. வண்டி உருண்டது.

அன்றிலிருந்து எனக்கும் லிட்டருக்குப் பதினெட்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் சாவியை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது தெருவெல்லாம் பிரேக் தீய்ந்த நாற்றம்.

“பிரேக்குல கால வச்சுக்கிட்டே ஓட்டினீங்களா?” என்று கேட்டேன்.

“இல்லடி, வைக்கவே இல்ல.”

“பின்ன பெட்ரோல் எங்க போகுது?”

அவர் முகம் வெளுத்திருந்தது. அதற்கப்புறம் அந்தச் சாவியை அவர் தொட்டதில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்த டிரைவிங் ஸ்கூலுக்கே போனேன். எனக்கு அந்த ரம்பம் உறுத்திக்கொண்டே இருந்தது. முதலாளி முதலில் மழுப்பினார். நான் எழுந்திருக்காததைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

“எங்க மாஸ்டர் ஒருத்தர். கிளாஸ் எடுக்கும்போதே நெஞ்சு வலி வந்துடுச்சு. ஓட்டினது புதுசா சேர்ந்த பொண்ணு. எதிர்ல லாரி. மாஸ்டர்தான் பிரேக்க மிதிச்சு நிறுத்தியிருக்கார். பொண்ணுக்கு ஒரு கீறல் இல்ல. அவர் அப்படியே உட்கார்ந்தபடி போயிட்டார்.”

“சரி, பெடல ஏன் அறுத்தீங்க?”

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நாங்க ரெண்டு பேர் சேர்ந்து இழுத்தோம்மா. கால் வரல. ஸ்பேனர் போடவும் இடம் இல்ல, முழு கனமும் அதுமேலதான். கடைசில அறுத்து, பெடலோடதான் தூக்கினோம்.”

இரண்டு ஆண்கள் இழுத்தும் வராத கால் அது. நான் சொன்னதும் எடுத்தார்.

வண்டியை விற்கவில்லை. விற்கவும் மாட்டேன். பக்கத்து இருக்கையில் மட்டும் யாரையும் உட்கார விடுவதில்லை.