முப்பத்திரண்டுக்கு மட்டும் பாஸ்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். போர்க்காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் கம்பியூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் பயப்படுகிற ஆள். அன்று மூதூர்ப் பக்கம் விடிந்ததிலிருந்தே ஷெல் சத்தம். நாலு மணிக்கு ஊரடங்கு என்றார்கள். உப்புவெளியில் மனைவி கைக்குழந்தையோடு தனியே. நாலுக்குள் நான் வீடு சேரவேண்டும்.

இணையம் ஊர்ந்ததால், கப்பல் ஆவணங்களைக் கவனிக்கும் கடதாசிப் பகுதியின் பதினாறு கம்பியூட்டர்களை மட்டும் இணையத்துக்கு விடச் சொல்லியிருந்தார் முதலாளி. அவற்றின் முகவரியின் கடைசி எண் 32இல் தொடங்கி 47இல் முடியும். ரவுட்டரில் அனுமதிப் பட்டியலை எழுதி, 32இல் சோதித்தேன். ஓடியது. பையை எடுத்துவிட்டேன்.

"தம்பி, என்ர ஓடேல்லை," என்றார் 40இல் இருந்த அக்கா. கப்பல் கடதாசிகள் அவருடையதிலிருந்துதான் போகவேண்டும். அவை போகாமல் கேற்றைத் திறக்கவேண்டாம் என்பது முதலாளியின் கட்டளை.

33இல் சோதித்தேன், ஓடவில்லை. 47உம் ஓடவில்லை.

"ஒண்டுக்கு மட்டும் பாஸ் குடுத்தனீங்களோ? உங்களைவிட றோட்டில பாஸ் குடுக்கிற ஆமிக்காரன் பரவாயில்லை," என்றார் அக்கா.

"இருங்கோ அக்கா, வயராயிருக்கும்."

வயரை மாற்றினேன். பிழை வயரில் இல்லை. மனக்கணக்கை நம்பாமல், கம்பியூட்டர் பார்ப்பதுபோல் ஒன்றும் சுழியமுமாகப் பென்சிலால் எழுதினேன். 32 என்றால் 00100000. 47 என்றால் 00101111. முதல் நாலு இலக்கமும் மாறவில்லை, பின் நாலும்தான் மாறுகின்றன. எந்த இலக்கங்களை ஒப்பிடுவது என்று சொல்வது மாஸ்க். அனுமதிப் பட்டியலின் மாஸ்க்கில் சுழியம் என்றால் '32ஓடு ஒப்பிட்டுப் பார்', ஒன்று என்றால் 'பாராதே, விடு'. ஆகவே 00001111, அதாவது பதினைந்து வரவேண்டும். நானோ, ஒன்றும் சுழியமும் தலைகீழாக வரும் வழக்கமான மாஸ்க் போடுகிற பழக்கத்தில் 240 போட்டிருந்தேன், 11110000. பார்க்கவேண்டிய நாலையும் அது பார்க்காமல் விட்டது. விடவேண்டிய நாலும் சுழியமாக இருந்தால்தான் வழிவிட்டது. பதினாறில் அப்படி இருந்தது 32 ஒன்றுதான். நான் சோதித்ததும் அதைத்தான்.

பதினைந்தைப் போட்டேன்.

"கடதாசியெல்லாம் போயிட்டுது தம்பி," என்றார் அக்கா.

படியால் ஓடி இறங்கினேன். காவல்காரர் கேற்றைத் திறக்கவில்லை.

"நாலு தாண்டீட்டுது. றோட்டில தலை காட்ட ஏலாது. மேல போங்கோ."

மேலே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து மனைவி.

"வேலை முடிஞ்சுதோ?"

"ஓம், முடிஞ்சுது."

"அப்ப வெளிக்கிடுங்கோவன். பிள்ளை அழுறான்."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். காவல்காரர் கேற்றுக்குச் சங்கிலி போட்டுக்கொண்டிருந்தார். "வேலை முடிஞ்சுதுதானே?" என்று அவள் இன்னொருமுறை கேட்டாள்.